பேரேட்டில் ஏறாத நற்பெயர்

மாத வருமானத்தைப் பங்கிட்டு எழுத அமரும் குடும்பங்கள் ஏறத்தாழ ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. முதலில் வீட்டு வாடகை அல்லது வீட்டுக்கடன் தவணை. அடுத்து மளிகை, பால், மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். பிறகு காப்பீட்டுப் பிரீமியம், தொடர் வைப்பு, பெற்றோரின் மருந்துச் செலவு. எல்லாம் முடிந்தபின் தாளின் அடியில் எஞ்சும் சிறு இடத்தில் ‘இதர’ என்று ஒரு சொல். கணவனும் மனைவியும் தங்களுக்கென்று செலவிடும் ஒரு மாலைப்பொழுது, இடம்பெறுமானால், அந்தச் சொல்லுக்குள்தான் இடம்பெறுகிறது. பெரும்பாலான மாதங்களில் அச்சொல்லுக்கு நேரே எழுதுவதற்குப் பணமும் மிஞ்சுவதில்லை, மாலையும் மிஞ்சுவதில்லை.

அந்த மாலைக்குக் குடும்ப வரவு செலவுத் திட்டத்தில் தனி வரி வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்க விழையும் கருத்து. இளைய தலைமுறையினர் இதை ‘டேட் நைட்’ என்று அழைக்கின்றனர். பெயர் புதிதாக ஒலிப்பதனாலேயே அதைப் பெருநகரத்து ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு இருவருக்கும் பொழுது வேண்டும் என்பது எல்லாத் தலைமுறைக்கும் உரிய தேவை.

இதை நிறுவுவதற்கு எளிதான எடுத்துக்காட்டுகள் பல உண்டு. தம்பதியர் இருவரும் கோயிலுக்குச் சென்று வந்தால் எவரும் கேள்வி எழுப்புவதில்லை. திருமண நாளன்று உணவகத்தில் விருந்துண்டாலும் அப்படியே. ஆதலால் கடினமான எடுத்துக்காட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுத்தர வயதுடைய இருவர், அவர்களுள் ஒருவர் சிறுவயதில் ஆடி மகிழ்ந்த வீடியோ கேம் ஒன்றைத் தழுவி எடுக்கப்பட்ட திரைப்படத்தைக் காண, பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு மல்டிபிளெக்ஸ் அரங்குக்குச் செல்கின்றனர். குடும்பச் செலவுகளிலேயே மிகவும் சிறுபிள்ளைத்தனமானது இதுதான் என்று பலருக்கும் தோன்றும். இதற்கு நியாயம் உண்டென்று காட்ட முடிந்தால், மற்றவற்றுக்குத் தனியே வாதாட வேண்டிய தேவை இராது.

விளையாட்டு ஈட்டிய நற்பெயர்

வணிகவியல் பயின்றோர் அனைவரும் அறிந்த சொல் ‘நற்பெயர்’. ஒரு கடையின் கட்டடம், சரக்கு, ரொக்கம் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, கடன்களைக் கழித்தபின் வரும் தொகையைக் காட்டிலும் அதிக விலை கொடுத்து அக்கடையை வாங்க ஒருவர் முன்வருகிறார் என்றால், அந்தக் கூடுதல் தொகையே நற்பெயரின் விலை. வாடிக்கையாளர்கள் மீண்டும் மீண்டும் அக்கடைப் படியேறுவார்கள் என்ற நம்பிக்கைக்குத் தரப்படும் விலை அது. இதில் விந்தையான விதி ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் தானே உழைத்து வளர்த்த நற்பெயரைத் தன் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டிக்கொள்ள இயலாது. நம் நாட்டில் கணக்கியல் தரநிலை 26 அதற்கு இடம் தருவதில்லை. பிறரிடமிருந்து விலை கொடுத்து வாங்கிய நற்பெயர் மட்டுமே ஏட்டில் ஏறும்.

வீடியோ கேம்களைத் தழுவிய திரைப்படங்களின் வரலாறு, இந்த நற்பெயரைக் கையாண்டவர்களின் வரலாறுதான். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. 1990-களில் இந்திய நகரங்களின் மின்னணுப் பொருள் கடைகளில், தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் மலிவான கருவிகள் பல பெயர்களில் விற்பனைக்கு வந்தன. ஆட்டங்கள் அடங்கிய சில்லுப் பெட்டியை நம் பிள்ளைகள் ‘கேசட்’ என்றே அழைத்தனர். கேசட் இயங்காவிட்டால் அதைக் கழற்றி, வாயால் ஊதி, மீண்டும் பொருத்துவது நாடெங்கும் வழக்கமாக இருந்தது. அக்கருவிகளில் பெரும்பாலானவை மூல நிறுவனத்தின் உரிமம் பெறாத நகல்கள். ஆகவே அவற்றால் அந்நிறுவனத்தின் கணக்கில் ஒரு ரூபாயும் வரவாகவில்லை. ஆனால் மீசை வைத்த குழாய்ப் பணியாளர் ஒருவர் மீது இலட்சக்கணக்கான இந்தியக் குழந்தைகளுக்கு மாறாத அன்பு உண்டாயிற்று.

அந்த அன்பை முதலாக வைத்து 1993-இல் ஹாலிவுட் ஒரு படம் எடுத்தது. பாப் ஹாஸ்கின்ஸ் மரியோவாக நடித்தார். ஆனால் ஆட்டத்தின் வண்ணமயமான காளான் உலகம் அதில் இல்லை. டைனோசர்களின் வழித்தோன்றல்கள் வாழும் இருண்ட நகரம் ஒன்றே இருந்தது. ஆட்டத்தை நேசித்தவர்கள் எதைத் தேடி அரங்குக்கு வந்தார்கள் என்று படமெடுத்தவர்கள் கேட்டறியவில்லை போலும். படம் போட்ட முதலைக்கூட மீட்கவில்லை. ஹாலிவுட்டிலிருந்து அடுத்த மரியோ திரைப்படம் வருவதற்கு 30 ஆண்டுகள் ஆயின.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2019-இல் நடந்தது. சேகா நிறுவனத்தின் ‘சோனிக்’ ஆட்டத்தைத் தழுவிய படத்தின் முன்னோட்டம் வெளியானபோது, நீலநிற முள்ளெலியின் முகத்தில் மனிதப் பற்களைக் கண்டு ரசிகர்கள் கொதித்தெழுந்தனர். இயக்குநர் ஜெஃப் ஃபவுலர் அவர்களுடைய குறையை ஏற்று, உருவத்தையே மாற்றியமைப்பதாக அறிவித்தார். நவம்பர் மாதம் வரவிருந்த படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. காலமும் பணமும் கூடுதலாகச் செலவாயின. ஆயினும் படம் வெற்றி பெற்றதோடு, 2022-இலும் 2024-இலும் தொடர்ச்சிகளும் வந்தன. 2023-இல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ அனிமேஷன் படத்தில் மியாமோட்டோவே தயாரிப்பாளர்களுள் ஒருவராகப் பங்கேற்றார். அப்படம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

நற்பெயருக்கு விலை உண்டு என்பதற்கு ‘மைன்கிராஃப்ட்’ இன்னும் தெளிவான சான்று. அந்த ஆட்டத்தை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2014-இல் 250 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் ஏறத்தாழ 180 கோடி டாலரைத் தன் கணக்கில் நற்பெயர் என்றே பதிவு செய்தது. விற்றவரின் ஏட்டில் இல்லாதிருந்த ஒன்று, வாங்கியவரின் ஏட்டில் பெருஞ்சொத்தாக ஏறியது. 2025-இல் வெளிவந்த மைன்கிராஃப்ட் திரைப்படத்துக்கு மக்கள் திரண்டதற்கும் அந்த நற்பெயரே அடித்தளம்.

இல்லறத்துக்கும் இவ்விதி பொருந்தும் என்று நாம் கருதுகிறோம். வீடு, நகை, வைப்புத்தொகை, பரஸ்பர நிதி ஆகிய அனைத்தையும் ஒரு குடும்பம் தாளில் எழுதிக் கூட்டிவிடலாம். கணவனும் மனைவியும் ஒருவர்மீது ஒருவர் வளர்த்துக்கொண்ட நற்பெயரை எந்தத் தாளிலும் எழுத இயலாது. அதைப் பிறரிடமிருந்து வாங்கவும் இயலாது. தாமே சிறுகச் சிறுக வளர்த்தாக வேண்டும். வேலை இழப்பு, நோய், கடன் என்று ஏதேனும் ஒன்று வீட்டுக்கதவைத் தட்டும் நாளில்தான் அது எவ்வளவு இருந்தது என்பது தெரியவரும்.

புனேயில் ஒரு மாலை

நாம் புனேயில் பணியாற்றிக்கொண்டிருந்த 2023 ஏப்ரலில், மரியோ படம் வந்திருப்பதை அறிந்து நம் துணைவியார் அதற்குப் போகலாம் என்றார். அவர் எதையும் எளிதில் கேட்பவர் அல்லர். நாம் வீடியோ கேம் ஆடி வளர்ந்தவர் அல்லோம். கோத்ரூட் பகுதியில் இருந்த ஓர் அரங்கில் சனிக்கிழமை மாலைக்காட்சிக்கு இரண்டு சீட்டுகள் வாங்கினோம். பக்கத்து வீட்டு மராட்டியக் குடும்பத்தார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டனர். அடுத்த வாரம் அவர்களுடைய பிள்ளைகளை நாம் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

படம் 92 நிமிடங்களே ஓடியது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குழாய் வேலை பார்க்கும் மரியோ, லூயிஜி என்னும் சகோதரர்களின் கதை. தொடக்கத்தில் அவ்விருவரும் தெருக்களில் ஓடும் காட்சியைப் பக்கவாட்டிலிருந்து, ஆட்டத்தில் காண்பதைப் போலவே காட்டினார்கள். நம் துணைவியாரின் வலக்கைக் கட்டைவிரல் நாற்காலிக் கைப்பிடியின்மேல் தானாகவே அழுந்துவதைக் கண்டோம். மரியோ தாவ வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் அது அழுந்தியது.

இடைவேளையில் அவர் நமக்கு ஆட்டத்தின் விதிகளை விளக்கினார். எட்டு உலகங்கள்; ஒவ்வொன்றிலும் நான்கு கட்டங்கள். காளானை உண்டால் உருவம் பெருகும். வழியில் நூறு காசுகள் சேர்த்தால் கூடுதலாக ஓர் உயிர் கிடைக்கும். காசு சேர்த்தால் உயிர் என்ற விதி வங்கிப் பணியாளராகிய நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆட்டத்தை இடையில் நிறுத்திச் சேமித்து வைக்க வழியில்லையாம். ஜாம்ஷெட்பூரில் அவருடைய தந்தையார் ஆலையிலிருந்து திரும்பி, இரவுச் செய்தி பார்க்க அமர்ந்ததும் கருவியைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றியாக வேண்டும். மறுநாள் மீண்டும் முதல் உலகத்தின் முதல் கட்டம். எட்டாம் உலகத்துக் கோட்டையை அவரும் அவருடைய அண்ணனும் ஒருநாளும் பார்த்ததில்லை.

படம் முடிந்து வெளியே வந்து, சாலையோரக் கடையில் வடா பாவும் தேநீரும் வாங்கிக்கொண்டு நின்றோம். அண்ணன்தான் எப்போதும் மரியோ, தங்கை எப்போதும் லூயிஜி என்றார். மரியோ உயிரிழந்தால்தான் லூயிஜிக்கு முறை வரும். அண்ணன் நன்றாக ஆடுவார். ஆகவே தங்கை நெடுநேரம் காத்திருப்பார். ஆட்டத்தில் மீட்கப்படுபவர் இளவரசி. இந்தப் படத்திலோ பகைவனிடம் சிக்குபவன் லூயிஜி. தேடிச் செல்பவன் மரியோ. அதைச் சொல்லிவிட்டுச் சிறிதுநேரம் பேசாதிருந்தவர், “அண்ணனோட கடைக்கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கேங்க. நாலு வருஷமாச்சு,” என்றார்.

வங்கி அதிகாரி ஒருவரின் மனைவி, ஜாமீன் கையெழுத்திட்டதைத் தம் கணவரிடம் சொல்லத் தயங்குவதில் வியப்பில்லை. ஜாமீன் என்பது மரியாதைக்காகப் போடும் கையெழுத்தன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-இன்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால், கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவர் தவணை தவறினால் இவருடைய கடன் தகுதிக் குறிப்பும் பாதிக்கப்படும். அவருடைய அண்ணன் ஒரு தவணையும் தவறாதவர் என்பது பிறகு தெரிந்தது. எஞ்சியிருந்த தொகையையும், ஏதேனும் நேர்ந்தால் நாம் எவ்வளவு தாங்க முடியும் என்பதையும் அன்றிரவே இருவரும் கணக்கிட்டோம். அண்ணனோடும் தொலைபேசியில் பேசினோம். அடுத்த ஆண்டு அக்கடன் முழுமையாக அடைக்கப்பட்டது. துணைவியாரின் இசைவுடனேயே இதை இங்கு எழுதுகிறோம்.

அன்றைய மொத்தச் செலவு, வாகன நிறுத்தம் உட்பட, 760 ரூபாய். அந்தத் தொகைக்கு நமக்குக் கிடைத்தவை ஒரு திரைப்படமும், நாம் ஒருபோதும் சந்தித்திராத பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் அறிமுகமும், நான்கு ஆண்டுகளாக ஒருவர் தனியே சுமந்த பொறுப்பில் சரிபாதியும்.

கையெழுத்து இரண்டு, பேச்சு ஒன்றுமில்லை

இது நம் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தியாக இருந்தால் இதழில் எழுத வேண்டியதில்லை. கிளையில் அமர்ந்திருப்போர் நாள்தோறும் காண்பது இதுவே. வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் கணவனும் மனைவியும் இணைக் கடனாளர்களாகக் கையெழுத்திடுகின்றனர். இருபது ஆண்டுகளுக்குச் சேர்ந்து கடன்படும் அவ்விருவரில், ஒருவருக்கு ஏற்கெனவே உள்ள தனிநபர் கடன் மற்றவருக்கு நம் மேசையின் முன்னால்தான் தெரியவருகிறது. அந்தக் கணத்தில் அவர்கள் முகங்களைப் பார்ப்பது எளிதன்று. ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று கணக்கு தொடங்கிவிட்டு, கடவுச்சொல்லையும் வைப்புச் சான்றிதழ்கள் இருக்குமிடத்தையும் ஒருவரே அறிந்து வைத்திருக்கும் குடும்பங்களும் பல.

இதன் விளைவு நாட்டளவில் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று போதும். 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ இயக்கப்படாதிருந்த வைப்புகளாகப் பொதுத்துறை வங்கிகள் ரிசர்வ் வங்கிக்கு மாற்றியிருந்த தொகை, 2023 பிப்ரவரி இறுதியில் ஏறத்தாழ 35,000 கோடி ரூபாய். உரிமை கோரப்படாத வைப்புகளைத் தேடுவதற்கென்றே ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஆகஸ்ட் 17-இல் ‘உத்கம்’ இணையதளத்தைத் தொடங்கியது. இவ்வைப்புகள் உறங்கிப்போனதற்குக் காரணங்கள் பல உண்டு. உயிரோடிருந்தபோது வீட்டாரிடம் சொல்லாமல் போனது அவற்றுள் ஒன்று என்பதைக் கிளைப் பணியாளர் எவரும் மறுக்கமாட்டார்.

பணத்தைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லையா என்று கேட்கலாம். பேசுகிறோம், ஆனால் கையில் ஒரு ரசீதையோ, வந்து சேர்ந்த ஓர் அறிவிப்பையோ வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். அத்தகைய பேச்சு விரைவில் விசாரணையாக மாறிவிடுகிறது. விசாரணையில் எவரும் கேட்டதற்கு மேல் விடை சொல்வதில்லை. எதைப் பற்றியும் பேசவேண்டிய கட்டாயமில்லாத ஒரு பொழுதில், பழைய விளையாட்டிலிருந்து அண்ணனுக்கும், அண்ணனிடமிருந்து கடனுக்கும் பேச்சு தானாக நகர்கிறது. அந்தப் பொழுதை ஏற்படுத்திக்கொள்வதே தம்பதியர் மாலையின் பயன்.

கணக்குப் பார்ப்போரின் கேள்விகள்

சில வாரங்கள் பொறுத்தால் இதே படம் ஓடிடி தளத்தில் வந்துவிடும், சந்தா ஏற்கெனவே கட்டியாயிற்று, பிறகு எதற்கு அரங்கு என்று கேட்போர் உண்டு. படம் மட்டுமே வேண்டுமானால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் வீட்டில் பார்க்கும் படம் குக்கரின் விசிலுக்கு ஒருமுறையும், அழைப்புமணிக்கு ஒருமுறையும், அலுவலகத் தொலைபேசிக்கு இருமுறையும் நிறுத்தப்படும். கதை முடிவதற்குள் இருவரில் ஒருவர் உறங்கியிருப்பார். அரங்கில் அந்த இடையூறுகள் இல்லை. திரும்பி வரும் வழியும் உண்டு.

அடுத்த கேள்வி சேமிப்பைப் பற்றியது. இதை மழுப்பாமல் எதிர்கொள்வதே வங்கிப் பணியாளருக்கு அழகு. ஒரு குடும்பம் மாதம் 1,500 ரூபாயை இவ்வாறு செலவிடுவதாகக் கொள்வோம். அதே தொகையை மாதந்தோறும் சேமித்து, ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி மாதந்தோறும் முதலோடு சேர்வதாகக் கணக்கிட்டால், 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 7,80,000 ரூபாய் திரளும். இது சிறிய தொகையன்று. ஆகவே ‘கொஞ்சம்தானே’ என்ற சொல்லால் இச்செலவை நியாயப்படுத்த நாம் விரும்பவில்லை. தெரிந்தே செய்யத் தகுந்த செலவு என்பதே நம் நிலைப்பாடு. திட்டமிடாமல் இணையத்தில் வாங்கிக் குவிக்கும் பொருள்களுக்கும், பயன்படுத்தாமலே புதுப்பிக்கப்படும் சந்தாக்களுக்கும் இதனினும் மிகுதியாகப் போகிறது. குறைக்க வேண்டுமென்றால் முதலில் அவற்றைக் குறைக்கலாம்.

அரங்குகளின் கட்டணம் பலருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பதும் உண்மை. 2022 செப்டம்பர் 23-ஆம் நாளைத் தேசிய சினிமா நாளாக அறிவித்து, மல்டிபிளெக்ஸ் சங்கத்தினர் 75 ரூபாய்க்குச் சீட்டு விற்றபோது, அந்த ஒரே நாளில் 65 இலட்சம் பேர் அரங்குகளுக்கு வந்ததாக அச்சங்கம் தெரிவித்தது. மக்களுக்கு விருப்பம் குறையவில்லை, விலைதான் தடுக்கிறது என்பதை அரங்க உரிமையாளர்கள் இதிலிருந்து உணர வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரியிலும் 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான சீட்டுக்கு 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடு என்ற வேறுபாடு இருக்கிறது. பெருநகரங்களில் 100 ரூபாய்க்குச் சீட்டு கிடைப்பது அரிது. அந்த வரம்பை உயர்த்துவது நடுத்தரக் குடும்பங்களுக்கு நலம் பயக்கும்.

“பிள்ளைகளை விட்டுவிட்டு நீங்கள் மட்டுமா?” என்ற கேள்வியை உறவினர்கள் எழுப்பக்கூடும். வீடியோ கேம் படம் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகும். அது குழந்தைகளுக்கான படமாயிற்றே! குழந்தைகளை இன்னொரு நாள் அழைத்துச் செல்வதில் தடையில்லை. அவர்களுடன் செல்லும்போது நாம் பெற்றோர். பாப்கார்னும் கழிப்பறையுமே நம் கவனத்தைப் பிடித்துக்கொள்ளும். பணி மாறுதலால் உற்றார் உறவினரைப் பிரிந்து வெளிமாநிலங்களில் வாழ்வோர், அண்டை வீட்டாருடன் முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். பணமே கைமாறாத இந்த ஏற்பாட்டில் அண்டை வீட்டுத் தம்பதியர்க்கும் ஒரு மாலை கிடைத்துவிடுகிறது.

ஆட்டம் வேறு, சூது வேறு

வீடியோ கேம் என்ற சொல்லைக் கேட்டதும் சில வாடிக்கையாளர்களுக்கு அச்சம் எழுவதை அறிவோம். கைப்பேசி ஆட்டத்தில் சேமிப்பை இழந்தவர்களின் கண்ணீர் கதைகளைக் கிளைகளில் கேட்டிருக்கிறோம். இங்கே வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். காசு சேர்ப்பது போன்ற கற்பனை விளையாட்டு ஒன்று. மெய்யான காசைப் பணயம் வைப்பது மற்றொன்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்ய வகைசெய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் துணைநிற்பதற்கும் தடை விதிக்கிறது. மின்விளையாட்டுப் போட்டிகளையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் அச்சட்டமே வேறாக வைத்துப் பார்க்கிறது. வாழ்க்கைத்துணைக்குப் பிடித்த ஆட்டம் எது, அதில் அவர் என்ன செய்கிறார் என்று அருகிலிருந்து கேட்டு அறிந்தவருக்கு, ஆட்டம் சூதாக மாறினால் அந்த மாற்றமும் முதலில் தெரியும்.

தனி வரியை எழுதும் முறை

இனி நடைமுறைக்கு வருவோம். கைக்கு வரும் மாத வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று என்று இந்த வரிக்கு ஒதுக்கலாம். 60,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பத்துக்கு இது 600 ரூபாய். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் 1,200 ரூபாய் சேர்ந்துவிடும். ஒரு மாதம் செல்ல இயலாமற்போனால் அத்தொகையை வேறு தலைப்புக்கு மாற்றாமல் அடுத்த மாதத்துக்கு முன்கொணர வேண்டும். தொகை தீர்ந்துபோனால் அம்மாதம் பூங்காவில் நடந்துவிட்டு வரலாம். கடன் அட்டையில் நிலுவை வைத்து இந்த மாலையை நடத்துவது, எதற்காக இதைத் தொடங்கினோமோ அதையே கெடுத்துவிடும்.

யூபிஐ லைட் வசதியைப் பயன்படுத்துவோர் அதில் இத்தொகையை மட்டும் இட்டு வைக்கலாம். அதில் ஒரு நேரத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்க இயலாது. ஒரு பரிமாற்றத்துக்கு உச்சவரம்பு 1,000 ரூபாய். செலவுக்கு இயல்பாகவே ஒரு வேலி அமைந்துவிடும். பகற்காட்சிக்கும் வார நாள்களுக்கும் சீட்டு விலை பெரும்பாலும் குறைவு. அரங்கின் சாளரத்திலேயே சீட்டு வாங்கினால் இணையவழி முன்பதிவுக்கான சேவைக் கட்டணம் மிச்சம். உணவை வெளியே வைத்துக்கொண்டால் செலவு பாதியாகக் குறையும். வடா பாவ் கடையோ இட்லிக் கடையோ, அந்தந்த ஊரில் கிடைப்பது போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி. எதைப் பார்ப்பது என்பதை இருவரும் மாறி மாறித் தேர்ந்தெடுக்க வேண்டும். இருவருக்கும் பாதியளவு பிடித்த ஒன்றைத் தேடி அலைவதைக் காட்டிலும், ஒருவருக்கு முழுமையாகப் பிடித்ததற்கு மற்றவர் உடன்செல்வது நல்லது. உடன்செல்பவர் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு, ஏன் பிடிக்கும் என்று ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். சோனிக்கின் பற்களை மாற்றியவர்கள் செய்ததும் அதுதான். நேசித்தவர்கள் சொன்னதற்குச் செவிகொடுத்தார்கள்.

வருங்காலத்தில் உங்கள் வீட்டுக்கடனுக்கோ, பிள்ளைகளின் கல்விக்கடனுக்கோ நீங்கள் இருவரும் எங்கள் கிளைகளுக்கு வருவீர்கள். உங்கள் சொத்துகளையும் பொறுப்புகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வோம். நீங்கள் ஒருவரையொருவர் எவ்வளவு அறிவீர்கள் என்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் ஏதுமில்லை. ஆயினும் அது இருக்கும் தம்பதியரை மேசைக்கு இப்பாலிருந்தே எங்களால் அடையாளம் காண முடிகிறது. ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு மற்றவர் தயங்காமல் விடை சொல்கிறார். அடுத்த மாதத்துக்கான தாளை எடுக்கும்போது, தொடர் வைப்புக்கு அடுத்த வரியில் உங்கள் இருவருக்குமான மாலையை எழுதுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும். ‘இதர’ என்ற சொல் அதற்குக் கீழே வரட்டும்.